செர்விக்கல் என்றொரு வியாதி

தில்லியில் செர்விக்கல் என்பது ஒரு வியாதியின் பெயர். "எனக்கு செர்விக்கல்", "போன குளிர்காலத்தில்தான் செர்விக்கல் வந்தது", "செர்விக்கலால் தலை சுற்றுகிறது" என்று மெட்ரோ ரயிலிலும் கல்யாண வீட்டிலும் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் பெயரடை. கழுத்தைச் சார்ந்தது என்று அர்த்தம். அந்த வகையில் கழுத்துள்ள எல்லோருக்கும் செர்விக்கல் உண்டு. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறி முப்பது வருஷமான தமிழர்கள்கூட, கழுத்துப் பிடிப்பு என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிப்பு என்றால் நாலு நாளில் விட்டுவிடும் என்ற நம்பிக்கை சொல்லிலேயே இருக்கிறது. செர்விக்கல் வந்தால் ஆயுள் சந்தா கட்டின மாதிரி.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். தலைநகரில் இவரைப் போல ஏராளமானோர் இருப்பதால் கற்பனைக்கு அதிக வேலை இல்லை. வயது 48. ஊர் கும்பகோணம் பக்கம். மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் ஃபிளாட். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். ஆங்கில மூலம் மேஜையின் இடப் பக்கத்தில் படுத்துக்கிடக்கும். தமிழ், எதிரே கம்ப்யூட்டர் திரையில் நிமிர்ந்து நிற்கும். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவையாவது இடப்புறம் குனிந்து பார்த்து, நிமிர்ந்து தட்ட வேண்டும். 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று ஆரம்பிக்கும் அரசாங்க வாக்கியம் என்றால் ஏழெட்டுத் தடவை. சாயங்காலம் நாலு மணிக்கு இடது தோள்பட்டைக்கு மேலே, கழுத்து இறங்கி வந்து சேருமிடத்தில், யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நிற்பது போலிருக்கும். ஐந்து மணிக்கு அந்த வலி மண்டையின் பின்புறம் ஏறும்.

முன்பு இந்த வேலையில் கொஞ்சம் நடை இருந்தது. ஃபைலைக் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு ஒரு நடை, கையெழுத்துக்கு ஒரு நடை, தொலைந்துபோன ஃபைலைத் தேடிப் பல நடை. ஃபைல்கள் கம்ப்யூட்டருக்குள் குடிபோன பிறகு அதெல்லாம் போயிற்று. குளிர்காலத்து மதிய இடைவேளையில் தில்லி குமாஸ்தாக்கள் புல்வெளி வெயிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு சீட்டாடுவதைப் பற்றி நிருபர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேலி எழுதியிருக்கிறார்கள். கழுத்தைக் கேட்டால், அரசு ஊழியர்களுக்காக நடந்த உருப்படியான நலத்திட்டம் அது ஒன்றுதான் என்று சொல்லக்கூடும்.

வளர்ந்த மனிதரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். அதைத் தாங்க ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். தலை நேராக இருக்கும்போது இந்த ஏழும் சுமையைப் பார்த்துக்கொள்கின்றன. தலை திரையை நோக்கி முன்னே நீண்டால், விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் வேலை தசைகளுக்கு வருகிறது. நியூயார்க் முதுகெலும்பு நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ல் போட்ட கணக்குப்படி, கழுத்து 15 டிகிரி குனிந்தால் அதன் மேல் விழும் பளு சுமார் 12 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. செல்போன் பார்ப்பவர்களை மிரட்ட உலகமெங்கும் பயன்பட்ட கணக்கு இது. ஆனால் இது மாதிரி வடிவத்தில் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. இதைப் படித்துப் பயந்து நாள் முழுக்க விறைப்பாக உட்காருபவருக்கும் சாயங்காலம் வலிக்கத்தான் செய்யும். குனிவதைக் கழுத்து பொறுத்துக்கொள்ளும். அசையாமல் இருப்பதைத்தான் பொறுக்காது.

நமது மொழிபெயர்ப்பாளர் முதலில் செய்வது எல்லோரும் செய்வதுதான். அமிர்தாஞ்சன். பிறகு தலையணையை மாற்றுவது. பிறகு மருந்துக் கடையில் தானாகவே ஒரு கழுத்துப் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்வது. அதைக் கட்டிக்கொண்டதும் ஆபீஸில் ஒரு மரியாதை கிடைக்கிறது. மூன்று வாரம் கட்டினால், வேலையில்லாத தசைகள் இன்னும் சோம்பேறியாகி வலி கூடுவதும் நடக்கிறது. கடைசியில் சிஜிஎச்எஸ் டிஸ்பென்சரி, எக்ஸ்ரே. அந்தப் படத்தின் ரிப்போர்ட்டில் எலும்புத் தேய்மானம் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் மனிதரைப் படுக்கவைக்கிறது. தேய்ந்துவிட்டது என்றால் இனி ரிப்பேர் இல்லை என்றுதானே தோன்றும்? கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை ஜப்பானில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவிகிதம் பேருக்கு எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுத் தட்டுகள் பிதுங்கியிருந்தன. வலியே இல்லாதவர்கள்! நாற்பது வயதுக்கு மேல் எடுத்த கழுத்துப் படம், நரை முடியை போட்டோ எடுத்த மாதிரி. தலைவலிக்குக் காரணம் நரை என்று யாரும் சொல்வதில்லை. படத்தைக் கொடுக்கும்போது இந்தச் சமாச்சாரத்தையும் ஒரு நிமிஷம் சொன்னால் பாதி செர்விக்கல் அங்கேயே குணமாகும். டிஸ்பென்சரி க்யூவில் அந்த ஒரு நிமிஷம் கிடைப்பதில்லை.

இனி கைகள்.

தில்லியில் கழுத்தின் மேல் கை வைக்க ஆளுக்குக் குறைவில்லை. முடிவெட்டும் கடையில் கடைசியாகத் தலையில் எண்ணெய் தட்டி, கன்னத்தைப் பிடித்து ஒரு திருகு திருகி 'டக்' என்ற சத்தத்தோடு அனுப்பிவைப்பது ஒரு சேவை. பழைய தில்லியில் எலும்பு முறிவையும் பிசகையும் பார்க்கும் பயில்வான்கள் உண்டு. நம்மூரில் சுளுக்கு எடுப்பவர் இருக்கிறார். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என ஒன்பது வகையாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது படித்தவர்களின் வழக்கம். வலிக்கிற இடத்தில் இன்னொரு மனிதரின் கை படுவதில் உண்மையான சுகம் இருக்கிறது என்பதை அவர்களுடைய கழுத்தும் அறியும்.

ஆனால் அந்தத் திருகல் வேறு விஷயம். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் துவாரங்கள் உண்டு. மேலே உள்ள ஆறு எலும்புகளின் துவாரங்கள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. திடீரென்று முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் கழுத்தைத் திருகும் சிகிச்சைக்கு முன் இந்த அபாயத்தை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று 2014ல் அமெரிக்க இதயநோய்ச் சங்கம் அறிக்கை வெளியிட்டது. 2017ல் தில்லியை ஒட்டிய குருகிராமில் ஆஸ்பத்திரிக்கு வந்த 54 வயது மனிதர் ஒருவரின் கதை பத்திரிகைகளில் வந்தது. சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்ட பிறகு அவருக்கு மூச்சுத் திணறல். கழுத்திலிருந்து கிளம்பி உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சேதமாகியிருந்தது. சத்தம் கேட்டால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நாவிதரும் நினைக்கிறார், வாடிக்கையாளரும் நினைக்கிறார். எதுவும் எங்கும் உட்காருவதில்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம் அது. கனடாவில் விரல் மூட்டைச் சொடுக்கவைத்து எம்ஆர்ஐயில் படம் பிடித்து 2015ல் காட்டினார்கள்.

எதிர்க்கோடியில் இருக்கிறது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் பிஸியோதெரபி கிளினிக். இங்கே கையே படாது. சூடான ஒத்தடப் பை, கரண்ட் வைக்கும் மெஷின், தாடையில் வார் மாட்டித் தலையை இழுக்கும் டிராக்‌ஷன். ஆளை மெஷினில் மாட்டிவிட்டு இருபது நிமிஷம் கழித்து மணியடித்தால் கழற்றுகிறார்கள். பத்து 'சிட்டிங்' என்று மொத்தமாகக் காசு வாங்குகிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலிக்கு உட்கார்ந்தே வைத்தியம். வெதுவெதுப்பாக, சுகமாகத்தான் இருக்கும். ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஆறு பேரை மெஷினில் போடலாம், ஆனால் இரண்டு கைகளால் ஒரு கழுத்தைத்தான் பிடிக்க முடியும் என்ற எளிய கணக்கே கிளினிக்கில் கை மறைந்ததற்குக் காரணம்.

கற்ற கை என்ன செய்கிறது? நல்ல பிஸியோதெரபிஸ்ட் கை வைப்பதற்கு முன் கேட்கிறார். வலி கைக்கு இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா, சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றமா, நடை தள்ளாடுகிறதா, ஜுரம் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா. இதில் சிலவற்றுக்கு ஆமாம் என்றால் கை வைக்காமல் டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். எந்தக் கழுத்தைத் தொடக்கூடாது என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். சலூன்காரருக்கு இல்லாதது அந்தப் பாடம்தான். விரல் பலம் அவருக்கு இருக்கலாம்.

பிறகு திரும்பிப் பார்க்கச் சொல்கிறார். வலப்பக்கம் தோள்வரை போகும் தாடை, இடப்பக்கம் பாதியில் நிற்கிறது. நமது மொழிபெயர்ப்பாளர் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். சிகிச்சை தரும் பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். "டீலா சோடியே, அங்கிள்ஜி" என்கிறாள். தளர விடுங்கள். அதுதான் அவருக்கு வரவில்லை. பின்கழுத்தில் அந்நியக் கை பட்டதும் உடம்பு தானாக விறைக்கிறது. கடைசியாக யார் அந்த இடத்தைத் தொட்டது? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட பாட்டியாகக்கூட இருக்கலாம். அந்தப் பெண் அவசரப்படுவதில்லை. மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே விரல் நுனிகளைக் கொடுத்து, தலையின் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா இருக்கிறாள். மெதுவாகத் தலை கனக்க ஆரம்பிக்கிறது. கனக்கிறது என்றால் அவர் அதைத் தூக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அதன் பின் அவர் குப்புறப் படுத்து, இரண்டு கைகளின் மேல் நெற்றியை வைத்துக்கொள்கிறார். இரண்டு கட்டைவிரல்களும் ஒவ்வொரு எலும்பாக இறங்குகின்றன. எங்கே விறைப்பு, எங்கே அழுத்தினால் அவருக்குப் பழக்கமான அதே வலி கிளம்புகிறது என்று தேடுகின்றன. கிடைத்ததும் அந்த மூட்டை லேசாக, தாளக்கட்டோடு, நொடிக்கு இரண்டு மூன்று தடவை அழுத்தி அழுத்தி விடுகிறாள். இந்த அசைவை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு தூரம் கொடுப்பது என்று படிகளாகப் பிரித்தவர் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட். 1964ல் வெளிவந்த அவருடைய புத்தகம் இன்றும் இந்தத் தொழிலின் பாலபாடம். கீழ்ப்படிகளில் அசைவு மிகச் சிறியது. பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் நடப்பதாகவே தெரியாது. சத்தம் கிடையாது. பத்து நிமிஷம் கழித்து எழுந்து உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பச் சொல்கிறாள். தாடை முன்னைவிட நாலு விரல்கடை தூரம் போகிறது. மாயம் எதுவுமில்லை. தேய்ந்த எலும்பு தேய்ந்தபடியேதான் இருக்கிறது. ஆபத்து ஆபத்து என்று அலாரம் அடித்துக்கொண்டிருந்த நரம்பு மண்டலம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அது அடங்கியதும் காவலுக்கு விறைத்து நின்ற தசைகள் விலகியிருக்கின்றன.

இதற்குப் பலன் உண்டா என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 183 கழுத்துவலிக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்து 2002ல் முடிவு சொன்னார்கள். வாரம் ஒரு தடவை கையால் சிகிச்சை பெற்றவர்களில் ஏழு வாரத்தில் தேறியவர்கள் 68.3 சதவிகிதம். உடற்பயிற்சியை முக்கியமாகக் கொண்ட வழக்கமான பிஸியோதெரபியில் 50.8. குடும்ப டாக்டரின் மாத்திரையிலும் ஆலோசனையிலும் 35.9. அடுத்த ஆண்டு செலவுக் கணக்கு வந்தபோது, கை வைத்தியத்துக்கு ஆன செலவு மற்ற இரண்டில் மூன்றில் ஒரு பங்குதான். கை ஜெயித்தது என்று பிஸியோதெரபிஸ்டுகள் இதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் 2012ல் அமெரிக்காவிலிருந்து வந்த முடிவையும் பக்கத்தில் மாட்ட வேண்டும். அங்கே 272 பேர். கழுத்தெலும்பைக் கையால் சொடுக்கும் சிகிச்சை ஒரு பிரிவுக்கு, மாத்திரை ஒரு பிரிவுக்கு. மூன்றாவது பிரிவுக்கு ஒரு மணி நேரம் வீதம் இரண்டே தடவை பயிற்சி கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே செய்யச் சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டு வாரத்தில் கை, மாத்திரையை வென்றது. வீட்டுப் பயிற்சியை வெல்லவில்லை. இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஆபீஸ் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்ட பின்லாந்து ஆய்வு ஒன்று உண்டு. வருஷக்கணக்காகக் கழுத்து வலித்த 180 பேர். ஒரு வருஷம் கழுத்துத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களில் 73 சதவிகிதம் பேர் வலி பெருமளவு குறைந்ததாகச் சொன்னார்கள். வெறும் ஏரோபிக் பயிற்சியும் நீட்டி நிமிர்வதும் மட்டும் சொல்லப்பட்டவர்களில் 21 சதவிகிதம். இது 2003ல். ஒரு வருஷமா என்று மலைப்பவர்களுக்காகவே போலிருக்கிறது, 2011ல் டென்மார்க்கில் 198 பேரில் இரண்டு பிரிவினருக்கு ரப்பர் பட்டையைக் கொடுத்து, கைகளைப் பக்கவாட்டில் தூக்கும் ஒரே பயிற்சியைச் செய்யவைத்தார்கள். தினம் இரண்டு நிமிஷம் ஒரு பிரிவு, பன்னிரண்டு நிமிஷம் இன்னொரு பிரிவு. பத்து வாரத்தில் இருவருக்கும் வலி குறைந்தது. இரண்டு நிமிஷக்காரர்களும் அதிகம் பின்தங்கிவிடவில்லை.

ஆகவே கையின் வேலை என்ன என்பது ஓரளவு தெளிவு. விறைத்த கழுத்துக்காரரிடம் பயிற்சி செய் என்றால் செய்ய மாட்டார். வலிக்கும், பயம் வேறு. கை அந்தப் பயத்தை ஒரு நாளோ இரண்டு நாளோ ஒத்திவைக்கிறது. அந்த இடைவெளியில் அவர் தானே கழுத்தை அசைக்கக் கற்றுக்கொண்டால் கை வென்றது. படுத்துச் சுகம் கண்டு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்துகொண்டேயிருந்தால் அது சலூன் எண்ணெய்த் தலைதட்டலின் விலையுயர்ந்த வடிவம். இங்கேதான் தொழிலின் நேர்மை சோதனைக்கு வருகிறது. ஆறே தடவையில் ஆளை அனுப்பிவிடும் பிஸியோதெரபிஸ்டுக்குக் கிளினிக் வாடகை கட்டுவது கஷ்டம்.

தலைநகரில் சமீபத்திய சண்டை வேறு. 2025 செப்டம்பர் 9ல் மத்திய சுகாதாரச் சேவை இயக்குனரகம், பிஸியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே வாபஸ் வாங்கியது. டாக்டர்கள் ஒரு பக்கமும் பிஸியோதெரபிஸ்டுகள் ஒரு பக்கமும் கொதித்தார்கள். மரியாதைக்கான இந்தப் பதைப்பு இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1894ல் லண்டனில் மசாஜ் நிலையங்களைப் பற்றி அசிங்கமான செய்திகள் கிளம்பியபோது, நாலு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ்காரிகளின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் பிஸியோதெரபிக்கு வேர் அதுதான். தில்லியில் இவர்களைப் பதிவு செய்ய 1997லேயே தனிச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2021ல். பதிவு பெற்றவரா என்று கேட்கும் நோயாளி எத்தனை பேர்? ஐடிஓ அருகே விஷ்ணு திகம்பர் மார்கில் உள்ள தீனதயாள் உபாத்யாயா தேசிய நிறுவனத்தில் பிஸியோதெரபி பட்டப்படிப்பு படித்த பெண்ணும், ஆறு மாத சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்ட பையனும் வெள்ளைக் கோட்டில் ஒரே மாதிரித்தான் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதைவிட இது கழுத்துக்கு முக்கியமான பிரச்னை.

அந்தப் பெண்ணின் கட்டைவிரலையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அழுத்தினால் அதன் அடிமூட்டு வலிக்கிறது. உலகெங்கும் இந்தத் தொழிலுக்கே உரிய வலி அது. அதனால் சில இடங்களில் உள்ளங்கையின் விளிம்பையோ முழங்கையையோ பயன்படுத்துகிறார்கள். பத்தாவது நோயாளியின் மேல் குனிந்திருக்கும்போது அவளுடைய கழுத்தும் ஆபீஸ்காரர்களின் கழுத்து போலத்தான் இருக்கிறது. தலையைத் திருப்பித் திருப்பி மொழிபெயர்ப்பவருக்கு இதைப் பார்த்ததும் சங்கடம்.

ஆறாவது வாரம் அவள் இனி வர வேண்டாம் என்கிறாள். அவருக்கு அதிர்ச்சி. "மாசத்துக்கு ஒரு சிட்டிங்காவது..." என்று இழுக்கிறார். அவள் மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து, தினம் இரண்டு நிமிஷம் என்கிறாள். மேஜையை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் முதல் நாளே கேட்டிருந்தாள். திரை கண்மட்டத்துக்கு வர, அதன் அடியில் சிதம்பரநாதன் செட்டியாரின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் போயிருக்கிறது. இடப்பக்கம் படுத்துக்கிடந்த மூலப் பிரதிக்குத்தான் தாங்கி கிடைக்கவில்லை. கடைசியில் ஜாமா மசூதிப் பக்கம் குர்ஆன் வைத்துப் படிக்கும் மரப் பலகை, ரெஹல், மடக்கு மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். நம்மூர் வியாச பீடத்தின் உறவுக்காரன்தான். அதைத் திரைக்கு ஒட்டி, இரண்டு பழைய டைரிகளின் மேல் ஏற்றி வைத்ததும் தாள் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"என்ன சார், ஆபீஸிலேயே ராமாயணமா?" என்றார் பக்கத்து மேஜை பாலக்காட்டுக்காரர், கழுத்தைப் பிடித்துக்கொண்டே.

"கெஜட் நோட்டிபிகேஷன்" என்றார் இவர்.